மல்லிகாவை அக்கரைக்கு அனுப்பப் பார்த்தது

ஆவணி 6, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். மகள் பார்வதி. பேத்தி மல்லிகா. பள்ளிக்கூடத்துத் தவராசா மாஸ்ரர், சைக்கிளோடு. ஊர்த் தலைவர் விதானையாரின் மனைவி, யாரும் கூப்பிடாமல், அரிவாள் இரவல் கேட்கிற சாட்டில். வேறு ஒருவரும் இல்லை. நாளைக்கு எவராவது வந்து நானும் இருந்தேன் என்றால் பொய்.

கச்சான் காற்று. அடுப்பு நின்று எரியவில்லை. தேத்தண்ணீரில் புழுதி. மாஸ்ரர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். நல்ல குணம்.

வந்த விசயம்: மல்லிகாவுக்கு இனி இங்கே மேசைப்பந்து பழக வழியில்லையாம்.

"ஆச்சி, இவளோட விளையாட இஞ்ச ஆள் இல்லை. போன வருசம் நான் வெண்டனான். இந்த வருசம் என்னிலை பாவம் பார்த்து நாலைஞ்சு புள்ளி விடுறாள். இப்பிடியே என்னோட விளையாடிக்கொண்டிருந்தால் என்னைப் போலதான் வருவாள்."

"ஒங்களப் போல வந்தா என்னாங்க மாஸ்டர், குத்தமா?" என்றாள் பார்வதி.

"குற்றம்தான் பிள்ளை. நான் ஒரு இடத்திலயும் வெல்லேல்லை."

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

வெளியூர்களெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறார். சீனா: கொழும்பில் ஆள் பொறுக்கி அனுப்புகிறார்கள், நாட்டுரிமை உள்ள பிள்ளை வேண்டும். ஜெர்மனி: அவர் தம்பி இருக்கிற ஊரில் பிள்ளைகளுக்குப் பழக்கும் மண்டபம் உண்டு. ஆனால் தம்பியே அங்கே சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டு, பொலிசைக் கண்டால் ஒளிக்கிறாராம். மிச்சம் மெட்ராஸ். சித்திரையில் யாழ்ப்பாணத்துக்கு விளையாட வந்த மெட்ராஸ் பெண்களில் இரண்டு பேரை மல்லிகா விளையாடி வென்றாள். அவர்களைப் பழக்குகிற அம்மா அப்போதே மாஸ்ரரிடம் கேட்டதாம்: இந்தப் பிள்ளையை என்னிடம் விடுங்கள், என் வீட்டில் என் மகளோடு வைத்துக்கொள்கிறேன், காலையும் மாலையும் பழகட்டும், பள்ளிக்கூடமும் போகட்டும்.

மல்லிகா இதெல்லாம் காதில் விழாதவள் போல, நசுங்கிய பந்தை என் சுடுதண்ணீர்ப் பானையில் போட்டுக் கரண்டியால் அமுக்கிக்கொண்டிருந்தாள். சூட்டில் நசுக்கம் எழும்பிவிடும். காது இரண்டும் சிவந்திருந்தது. கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

விதானையார் மனைவி சொன்னது: "தோட்டக்காட்டுப் பெட்டைக்கு மெட்ராசோ? முதல்ல ஒரு சோடி செருப்பு வாங்கிக் குடுங்கோ."

அரிவாள் கொடுக்கவில்லை.

ஆவணி 8, செவ்வாய்

மாஸ்ரரோடு கந்தோருக்குப் போனது. கடவுச்சீட்டு விசாரிக்க. மல்லிகாவும். பஸ் பிந்தி வந்தது, நின்றுகொண்டே பயணம்.

கிளாக்கர் ஐயா பிறப்புப் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தகப்பன் சிற்றிசனோ?"

"செத்துப் போனாருங்க. காடு வெட்டறப்ப பாம்பு கடிச்சு."

"செத்தது சரி. சிற்றிசனோ?"

நான் இந்த நாட்டில் பிறந்தவள். பார்வதி இங்கே. இவள் இங்கே. தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பிராவில் ஒரே மூலையில் மூன்று பேரும். மருமகன் பக்கத்தார் இலங்கை நாட்டுரிமைக்கென்று எழுதிக் கொடுத்தார்கள், பதிலே இல்லை. என் புருசன் இந்தியாவுக்கென்று எழுதினார், செத்தார், அவரோடு என் பேரும் போயிற்று. எழுபத்தேழில் லயத்துக்கு நெருப்பு வைத்தபோது லொறியில் ஏறி இந்த அக்கராயன் பக்கம் வந்தோம். அப்போது எவனும் எங்களிடம் சிற்றிசனா என்று கேட்கவில்லை. காட்டை வெட்டு என்றார்கள், வெட்டினோம்.

மாஸ்ரர் மேசையில் கையை ஊன்றி, "ஐயா, இவள் பள்ளிக்கூடப் பிள்ளையளில வடக்கு முழுக்க வெண்டவள்" என்றார்.

"நல்லது. சந்தோசம். அடுத்த ஆள் வாங்கோ."

அந்தக் கிளாக்கருக்கு மேல் உதட்டில் மரு. மறக்க மாட்டேன்.

திரும்பும் வழியில் மல்லிகாவுக்குத் தோடம்பழம். தோலைக் கூட விடாமல் தின்றாள்.

பார்வதிக்கு மிளகாய் பிடுங்கிக் கை எரிவு. தேங்காய் எண்ணெய் பூசியது.

ஆவணி 11, வெள்ளி

செட்டிகுளத்திலிருந்து மகன் சுப்பையா வந்தான். முகச்சவரம் செய்து, புதுச் சாரம் கட்டி. அப்போதே நினைத்தேன்.

அவர்களுக்கு இந்தியாவுக்குக் கப்பல் நாள் வந்துவிட்டது. இந்த மாதமே. தலைமன்னாரில் ஏறி, அக்கரையில் இறங்கி, முகாமில் இருந்து, பிறகு மதுரைப் பக்கம் ஒரு நூல் ஆலையில் வேலையாம். சுப்பையாவிடம் இந்தியாக் கடவுச்சீட்டுப் புத்தகம் இருக்கிறது. அவன், அவன் பெண்சாதி இராமாயி, பிள்ளைகள், எல்லார் பேரும் ஒரே புத்தகத்தில்.

போனால் போனதுதான். அந்தக் கப்பலில் போனவர் ஒருவர் திரும்பி வந்து நான் கண்டதில்லை.

மல்லிகாவின் கதையைப் பார்வதி சொன்னாள். கேட்டுவிட்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு:

"அம்மா, எங்க புத்தகத்துல ஒரு எடம் சும்மா கெடக்கு."

"என்னா எடம்?"

விரலால் தரையைக் கீறினான். எனக்கு விளங்கிவிட்டது. பார்வதிக்கும். அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

அவனுடைய மூத்த பெண்ணின் இடம். மல்லிகாவும் அதுவும் ஒரே மாதம் பிறந்தவர்கள், ஒரே ஏணைச் சீலை. பஞ்ச வருசத்தில், மாவும் கிடைக்காத காலத்தில், வயிற்றோட்டத்தில் போய்விட்டது. சாவைப் பதியவில்லை. பதிந்தால் அந்த ஆளின் மாவுக் கூப்பனை வெட்டிவிடுவார்கள், மற்றவர்களுக்கும் கஞ்சி இல்லாமல் போகும். மலையில் நாங்கள் மட்டுமா, எத்தனையோ பேர் அப்படித்தான் செய்தார்கள். அதனால் புத்தகத்தில் அந்தப் பிள்ளை இன்னும் உயிரோடு இருக்கிறது. வயது கூட சரியாக ஏறியிருக்கிறது.

பேரை இங்கேயாவது எழுதுகிறேன். செல்லம்மா.

எங்கள் வகையில் செத்த பிள்ளையின் பேரை வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை, அதே பேரில் இன்னொரு பிள்ளை பிறக்கும் வரை. இராமாயிக்கு அதன் பிறகு பிறந்தது பையன். ஆகவே இத்தனை வருசமாக அந்தப் பேர் யார் வாயிலும் இல்லை.

"இராமாயி என்னா சொன்னா?" என்று கேட்டேன்.

"சரின்னுட்டா."

"வாயால சொன்னாளா?"

"தலய ஆட்டுனா, அம்மா. பசியில செத்த புள்ள, இன்னொரு புள்ளைக்கு வழி விட்டா புண்ணியந்தானேன்னேன். தலய ஆட்டுனா."

அப்படியானால் இங்கே வருமுன்பே யோசித்துத்தான் வந்திருக்கிறான். மாஸ்ரர் செட்டிகுளத்துக்கே போய்ச் சொல்லியிருக்கிறார் போல. சைக்கிளிலா போனார்? கேட்கவில்லை.

பார்வதி ஒன்றே ஒன்று கேட்டாள். "திரும்பி வரவே முடியாதா அண்ணே?"

"கடுதாசி போடலாம்."

பார்வதி சுளகை எடுத்து மறுபடி புடைக்கத் தொடங்கினாள். கல் ஒன்றும் இல்லாத அரிசி.

ஆவணி 12, சனி

பார்வதி சரி என்றுவிட்டாள். ஆட்டுக்குக் குழை முறித்துக்கொண்டு நின்றபோது, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். "போகட்டும்மா. இங்க இருந்தா எம்மாதிரி மொளகா புடுங்கத்தான். அவ கையப் பாத்திங்களா? அது மொளகாக் கை இல்ல."

எனக்கும் அதே எண்ணம். என்றாலும் இவ்வளவு சீக்கிரம் சொல்லுவாள் என்று நினைக்கவில்லை.

கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்திருக்கிறது.

ஆவணி 14, திங்கள்

சுப்பையா இன்னும் இங்கேதான். மல்லிகாவைப் பழக்குகிறான்.

"ஒன் பேரு என்னா?"

"மல்... செல்லம்மா."

"அப்பா பேரு?"

"சுப்பையா மாமா."

"மாமாவா? கப்பல்ல ஏறுறதுக்கு முன்னாலயே புடிச்சி உள்ள போட்ருவான். மறுபடி சொல்லு. ஒங்கம்மா இராமாயியா?"

"ஓம்."

"ஓம்-ங்காத! ஆமான்னு சொல்லு. எந்தத் தோட்டத்துப் புள்ள ஓம்-ங்கும்?"

"நான் இஞ்ச வளந்தனான் மாமா, என்ன செய்ய?"

வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். சுப்பையாவுக்குக் கோபம்.

மாஸ்ரர் வந்தார். மட்டையில் உரிந்திருந்த றப்பரைக் கழற்றி, சைக்கிள் கடையில் வாங்கிய சொலூசன் பூசி, புது றப்பர் ஒட்டிக் கொடுத்தார். புது றப்பர் யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பித்தாராம். சிவப்பு. மெட்ராஸ் அம்மாவுக்குச் செய்தி அனுப்பியாகிவிட்டது, அது முகாமுக்கே வந்து கூட்டிக்கொண்டு போகும். எல்லாம் சரி. எல்லாரும் ஓடியாடித் திரிகிறார்கள். எனக்கும் கால் ஓயவில்லை, உடம்பு ஓய்ந்துவிட்டது.

மல்லிகா மாஸ்ரரிடம் கேட்டாள்: "சேர், அங்க விளையாடேக்க எந்தப் பேரில விளையாடுறது?"

மாஸ்ரர் றப்பரின் ஓரத்தைப் பிளேட்டால் சீவிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "புத்தகத்தில இருக்கிற பேரிலதான் பிள்ளை."

"பேப்பரில வந்தாலும்?"

"ஓம். பேப்பரில வந்தாலும்."

"அப்ப அவள்தான் வெண்டதா இருக்கும்" என்றாள். பந்தை எடுத்துக்கொண்டு சுவரில் அடிக்கப் போய்விட்டாள்.

டக், டக், டக். இருட்டும் வரை. மண்சுவரில் ஒரு இடம் குழி விழுந்திருக்கிறது. பூச வேண்டும். பூச வேண்டாம்.

ஆவணி 18, வெள்ளி

இராமாயி வந்தாள், சின்னப் பையனையும் இடுப்பில் வைத்துக்கொண்டு. பார்வதிக்குக் கடைசியாக முகம் காட்டிவிட்டுப் போக. இவள் என் அண்ணன் மகள். நானே போய்ப் பெண் கேட்டு, நானே வெற்றிலை பாக்கு மாற்றிக் கொண்டுவந்தவள். கலியாணத்தின் போது இவள் தாய் எனக்குச் சோறு முதலில் போடவில்லை. அது வேறு கதை.

சுப்பையா வாசலிலேயே என்னைப் பிடித்து, "அம்மா, அவ முன்னால அந்தப் பேரெல்லாம் வேணாம். எதுக்குக் கிளறிக்கிட்டு" என்றான். அதைப் போய் எனக்குச் சொல்ல வேண்டுமா. வழக்கம் தெரியாதா எனக்கு. ஒருவரும் சொல்லவில்லை. மல்லிகாவிடமும் கண்ணைக் காட்டி வைத்தேன்.

இராமாயி மல்லிகாவை முன்னால் உட்கார வைத்து எண்ணெய் வைத்தாள். நல்ல எண்ணெய். வகிடு எடுத்து, இரட்டைப் பின்னல். மல்லிகாவுக்குப் பின்னல் பிடிக்காது, விளையாடும்போது முகத்தில் அடிக்கும். இன்று தலையைக் கொடுத்தாள்.

"பாப்பா, தலயக் குனி."

"நோகுது அத்தை."

"அத்தயா? ம். நோகட்டும். முடியெல்லாம் ஒடஞ்சி கெடக்கு, வெயில்ல ஆடி ஆடி."

"உள்ளுக்க நிண்டுதான் விளையாடுறது, அத்தை. காத்தடிச்சால் பந்து பறந்திடும்."

"அப்ப உள்ளுக்க நிண்டே ஒடச்சிருக்க."

எல்லாரும் சிரித்தோம். பாப்பா, பாப்பா என்றுதான் கூப்பிட்டாள். தன் பெட்டியிலிருந்து ஒரு சட்டை எடுத்து இவள் தோளில் வைத்துப் பார்த்தாள். கை நீளம் போதவில்லை. பிரித்துத் தைக்கலாம் என்றாள். உட்கார்ந்து தைத்தும் கொடுத்தாள்.

சமையலுக்குக் குசினிக்குள் வந்தபோது கேட்டேன். "இராமாயி, ஒனக்கு மனசு சரிதானே?"

"சரிதான் அத்தை. வெறும் எடத்த வச்சிக்கிட்டு நான் என்னா பண்ண."

இதற்கு மேல் என்ன கேட்பது? வாயால் சொன்னாள். நான் கேட்டேன், அவள் சொன்னாள். எழுதி வைக்கிறேன்.

சாப்பாடு: குத்தரிசிச் சோறு, குளத்து மீன், முருங்கைக்கீரை. இராமாயி நன்றாகச் சாப்பிட்டாள். அன்றே மூன்று பேரும் செட்டிகுளம் திரும்பினார்கள்.

ஆவணி 22, செவ்வாய்

மல்லிகாவின் பைக்குள்: சட்டைகள். பழைய போர்வை. மட்டை, துணியில் சுற்றி. பந்துப் பெட்டி. மாஸ்ரர் கொடுத்த சப்பாத்து, காலுக்குப் பெரிது, முன்னால் பஞ்சு வைத்தது. பார்வதி வறுத்த உழுத்தம்மா. பிள்ளையார் கோவில் திருநீறு. நான் ஒன்றும் வைக்கவில்லை. என்னிடம் வைக்க என்ன இருக்கிறது.

மாஸ்ரர் கடைசியாக ஒருமுறை விளையாட வா என்று கூப்பிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். நானும் போய் வாங்குப் பலகையில் இருந்தேன். காற்றுக்கு யன்னலெல்லாம் சாத்தி, உள்ளே வெந்து அவிந்தது. எனக்கு இந்த விளையாட்டு விளங்காது. ஆனால் இவள் நிற்கிற நிலை விளங்கும். கொழுந்து எடுக்கும்போது கை கண்ணுக்கு முன்னால் ஓடும், பாருங்கள், அந்த மாதிரி. மாஸ்ரருக்கு வேர்த்து ஒழுகியது. ஒரு புள்ளியும் விடவில்லை இவள். அவருக்கு அதில்தான் சந்தோசம்.

"ஆச்சி, பாத்தியளே? இண்டைக்குப் பாவம் பாக்கேல்லை!"

விதானையார் மனைவி வேலியால் எட்டி, "கப்பலேறப் போறாவோ உங்கட பேத்தி?" என்றாள். வவுனியாவுக்கு வைத்தியத்துக்கு என்று சொன்னேன். "என்ன வருத்தம்?" "உங்களப் பாக்குற வருத்தம்."

நாளை பயணம். பார்வதி துறைக்கு வரமாட்டேன் என்கிறாள். வந்தால் தன் வாய் சும்மா இராதாம். அது புத்தி.

ஆவணி 26, சனி. செட்டிகுளம்.

சுப்பையாவின் பக்கத்து வீட்டுக் கிழவி வீட்டில் இருந்து எழுதுகிறேன். சுப்பையா வீடு வெறுமை, கதவும் கழற்றி விற்றாகிவிட்டது. நடந்ததை நடந்த மாதிரி எழுத வேண்டும்.

நேற்று. தலைமன்னார். துறையில் தகரக் கொட்டகை. வெயில். மூட்டை முடிச்சு, கோழிக்கூடு, அம்மி கூடக் கொண்டுவந்திருந்தார்கள். எங்கே பார்த்தாலும் அழுகை. ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு, பெயர் சொல்லிச் சொல்லி. நான் அழவில்லை. மல்லிகாவும் இல்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள், உள்ளே மட்டை. அப்பா, அம்மா என்று சரியாகவே கூப்பிட்டாள். ஆமா என்றே சொன்னாள். சுப்பையாவுக்குப் பெருமை.

மேசையில் ஒரு அதிகாரி. வயதானவர். களைத்த முகம். புத்தகத்தை விரித்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட, அவரவர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

சுப்பையா. போனான்.

இராமாயி. போனாள்.

பையன். தாய் இடுப்பில்.

பிறகு சத்தமாக, கொட்டகைக்கே கேட்க: "செல்லம்மா!"

"ஆமா சார்" என்று மல்லிகா ஒரு எட்டு முன்னால் வைத்தாள். தெளிவாக. பயமில்லாமல். அப்பேர்ப்பட்ட பிள்ளை.

இராமாயி திரும்பிப் பார்த்தாள். மல்லிகாவை இல்லை. மல்லிகாவுக்குப் பின்னால், வேறு யாரோ வருகிற மாதிரி பார்த்தாள். பிறகு பையனைக் கீழே விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"கூப்பிடாதீங்க. அந்தப் புள்ளயக் கூப்பிடாதீங்க சாமி. அது மலையில இருக்கு. கொய்யா மரத்துக்குக் கீழ நான்தானே வச்சேன். அது வரலயே. அத விட்டுட்டு நான் எப்புடிக் கப்பலேறுவேன்..."

சுப்பையா வாயைப் பொத்தினான். கையைக் கடித்துவிட்டாள். "இது மல்லிகா! நாத்தனா மக! எம்புள்ள வரல!" கொட்டகை முழுக்க அழுதவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அதிகாரி பேனையை மூடினார். எல்லாரையும் பிடித்து உள்ளே போடுவார் என்று நினைத்தேன். சுப்பையா காலில் விழுந்தான். அந்த மனுசன் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, இராமாயிக்குக் கொடுக்கச் சொன்னார். பிறகு பேனையைத் திறந்து, அந்த ஒரு பேரின் மேல் கோடு இழுத்தார். பக்கத்தில் ஒரு எழுத்து எழுதினார். "நீங்க மூணு பேரும் போங்க" என்றார் கொச்சைத் தமிழில். மல்லிகாவைப் பார்த்து, "நீ வீட்டுக்குப் போ, மகள்."

அவ்வளவுதான்.

கப்பலில் ஏற்றும்போது இராமாயி என்னைப் பார்க்கவில்லை. சுப்பையா பார்த்தான். கை காட்டினான். நான் காட்டவில்லை. இனி அவனை எங்கே பார்ப்பேன், என்றாலும் காட்டவில்லை.

ரயிலில் மல்லிகா யன்னலோரம். உழுத்தம்மாவைத் தின்றாள். மடு ரோட் தாண்டி, "அத்தை பாவம் அம்மாயி" என்றாள்.

"வாய மூடு" என்றேன்.

ஆவணி 27, ஞாயிறு

வீடு வந்தது. பார்வதி முற்றத்தில் நின்றவள் இரண்டு பேரையும் கண்டதும் ஓடிவந்து மல்லிகாவைக் கட்டிப்பிடித்தாள். அவள் முகத்தில் சந்தோசம். மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. பெற்றவள். அதையும் பார்த்தேன்.

அடைக்கோழி இரண்டு முட்டையை மிதித்து உடைத்துவிட்டது.

ஆவணி 29, செவ்வாய்

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம்.

மாஸ்ரர் பின்னேரம் வந்தார். மெட்ராஸ் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டாராம். வேறு வழி? "இல்லை ஆச்சி. பேர் வெட்டினது வெட்டினதுதான். ஜெர்மனிக்குத் திரும்பக் கேக்கலாம், ஆனால்..." ஆனாலோடு நிறுத்தினார்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர் வேலிப் படலையில் நின்றார். "இண்டைக்கு விளையாடினனாங்கள்" என்றார்.

"என்னாச்சி?"

"நான் வெண்டிட்டன் ஆச்சி." அந்த மனுசனுக்குக் கண் கலங்கியிருந்தது. "கையைத் தூக்கவே இல்லை. பந்து போறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள்."

மல்லிகா பின்னால் பார்வதியோடு மிளகாய் காயப் போடுகிறாள். கேட்டால், சும்மாதான் என்கிறாள். சுவரில் சத்தமே இல்லை.

எனக்குத் தெரியும். பெற்ற வயிறு, பேரைக் கேட்டால் துடிக்கும். இத்தனை வருசம் யாரும் கூப்பிடாத பேர். அவள் முன்னால் ஒரு தரமாவது கூப்பிட்டுப் பழக்கியிருக்கலாம் என்று யாராவது சொல்லலாம், சொல்லட்டும். அவள் அழுதது நியாயம். நானாக இருந்தாலும் அழுதிருப்பேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், இனி என் முகத்தில் விழிக்கப் போவதில்லை. எல்லாம் தெரியும்.

கிளாக்கரை மன்னித்துவிடலாம். விதானையார் மனைவியைக் கூட.

இராமாயியை மாட்டேன்.